குதிரைக்குப் போட்ட அரைப்பேர்

எனக்கு வாய் அதிகம். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கொழும்பில் வேலைக்கு நின்ற வீடு வரைக்கும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் இந்த வாயால்தான். குதிரை என் பொறுப்புக்கு வந்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் குதிரைக்கு நான் செய்ததை வாயின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. அதைக் கைதான் செய்தது. யோசித்துச் செய்தது.

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஒரு முதலாளி குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். நான் கொழும்பிலிருந்து திரும்பி வந்து அங்கே அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். பொங்கல் முடிந்த கையோடு ஒரு லொறி வந்தது. அதிலிருந்து ஒரு குதிரையை இறக்கினார்கள். நுவரெலியாவில் பந்தயம் ஓடி, இனி ஓடினது போதும் என்று கழித்துவிட்ட பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் கை அகலத்துக்கு வெள்ளை. வருகிற விருந்தினர்களை அதன் முதுகில் ஏற்றித் தேயிலைக்கு நடுவே ஒரு சுற்று காட்டினால் படம் எடுத்துப் போடுவார்கள், அதைப் பார்த்து இன்னும் ஆள் வரும் என்பது முதலாளியின் யோசனை. குதிரைக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

கூடவே வந்த பராமரிப்புக்காரரை அவள் முதல் வாரமே தோளில் கடித்துவிட்டாள். சட்டை கிழிந்து, தோல் நீலம் பாரித்துப் போயிற்று. மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு பெரகல சந்திக்கு நடந்தே இறங்கி பஸ் ஏறிவிட்டார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குசினி வாசலில் நின்று சமையல்காரரிடம் சட்டம் பேசினேன்.

"கடிக்காம என்னா செய்யும்? வந்த நாள்லேருந்து அந்த மனுசன் அதுகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? இழுக்கிறதும் அதட்டுறதும்தானே. நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன்."

எனக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு மெனேஜர் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர்.

"நீர் கதைக்கிற கதையைப் பாத்தா உமக்கு எல்லாம் தெரியும் போல கிடக்கு. நாளையிலயிருந்து நீரே பாருமன்."

"நானா? எனக்கு மாட்டையே புடிச்சுக் கட்டத் தெரியாதுங்க சேர்."

"கதைச்சாப் போதுமெண்டு இப்பதானே சொன்னனீர். உமக்குக் கதைக்கத் தெரியும்."

சமையல்காரர் சிரித்தார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

பழைய கார் கொட்டகைதான் அவளுக்கு லாயம். முதல் சில வாரங்கள் என் பாதம் வீங்கியே கிடந்தது, ஏனென்றால் அவளுக்கு நிற்க உலகத்தில் வேறு இடமே கிடைக்காதது போல் என் காலின் மேல்தான் வந்து நிற்பாள். உடம்பைச் சாய்த்து என்னைச் சுவரோடு சேர்த்து நெருக்குவாள். தலையில் கட்டியிருந்த துண்டைப் பிடுங்கிச் சாணத்தில் போடுவாள். நான் பேசினேன். திட்டினேன், கெஞ்சினேன், கொழும்பில் நான் வேலை செய்த வீட்டு அம்மாவைப் பற்றி யாரிடமும் சொல்லாத கதைகளையெல்லாம் அவளிடம் சொன்னேன். காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பாள். ஒரு நாள் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து ஈரமான மூக்கை என் கழுத்தில் வைத்து மூச்சுவிட்டாள். அதோடு நான் தொலைந்தேன். வீட்டில் சாப்பிடும்போதும் குதிரை, தூங்கப் போகும்போதும் குதிரை. "உனக்கு அந்தக் குதிரையவே கட்டி வைக்கலாம்" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

ஏறக் கற்றுக்கொண்டது தனிக் கூத்து. சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் வரும். அங்கே நின்று வீடியோ பார்ப்பேன். பேச்சு புரியாது, கால் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். பிறகு கொட்டகைக்கு வந்து, குட்டிச் சுவரில் ஏறி, அதிலிருந்து அவள் முதுகுக்குத் தாவுவேன். அவள் நான் தாவும் நேரம் பார்த்து ஓரடி நகர்ந்துவிடுவாள். தேயிலைச் செடிமேல் விழுந்தவர்களுக்குத் தெரியும், பார்க்கத்தான் அது பச்சை மெத்தை, உள்ளே எல்லாம் முறித்துவிட்ட கட்டை. இடுப்பெல்லாம் சிராய்ப்பு. எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். அவள் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மாசி பிறந்தபோது நான் விழாமல் உட்காரப் பழகியிருந்தேன். பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் என்னைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடவும் செய்தாள். காற்று முகத்தில் அடிக்கும், எனக்குக் கண்ணீர் வரும், எதற்கென்று தெரியாமல் சிரிப்பேன். ஆனால் விருந்தினர்களைக் கொண்டுபோக வேண்டிய சுற்று வேறு. பங்களாவிலிருந்து பாக்டரி ரோட்டுக்கு இறங்கி, பாக்டரிக்குக் கீழே கல் பதித்த இறக்கத்தில் போய், கீழ்நாடு முழுக்கத் தெரிகிற, ரோடு வளையும் முடக்கு வரைக்கும் சென்று, தேயிலைக்கு நடுவே மேலே ஏறித் திரும்ப வேண்டும். அந்த இறக்கத்துக்கு வந்ததும் அவள் நின்றுவிடுவாள். நின்றால் நின்றதுதான். இழுத்தால் தலையை உயர்த்துவாள், தட்டினால் பின்னங்காலில் எழும்பப் பார்ப்பாள். கடைசியில் நான்தான் திருப்பிக்கொண்டு வருவேன்.

"புல்லுல ஓடத் தெரியுது. ரோட்டுல நடக்கத் தெரியாதா? கொழுப்பு உனக்கு." இதைச் சொன்னது நான்தான். ஒரு தடவை அல்ல, தினமும் சொன்னேன்.

அப்போதுதான் மொனராகலைப் பக்கத்திலிருந்து ஒருவர் குதிரையைப் பார்க்க வந்தார். கரும்புத் தோட்டம் வைத்திருக்கிறவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடலாம், மற்ற நாளில் வண்டியில் கட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாகனம் போன பிறகு மெனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும். ஏப்ரல்ல கொழும்புச் சனம் எல்லாம் மலைக்கு வரும். அதுக்குள்ள இது ஆக்களை ஏத்தி ஒரு சுத்துப் போய் வரவேணும். ஏலாதெண்டா முதலாளி இதை அந்தாளுக்குக் குடுத்திடுவார். நான் ஒண்டும் செய்யேலாது."

மொனராகலை வெயிலை நான் கதிர்காமம் போகும்போது பார்த்திருக்கிறேன். குளிரிலேயே கிடந்த உடம்பு அவளுக்கு. அந்த வெயிலில் வண்டி இழுத்தால் ஒரு வருஷம் தாங்குமா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளை விடக் கூடாது, எப்படியாவது இந்த மலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த ஒரே நினைப்புத்தான். அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் என்னையே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன்.

மறுநாள் காலையும் அவள் இறக்கத்தில் நின்றுவிட்டாள். திருப்பிக்கொண்டு வந்து கட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கொள்ளும் தவிடும் ஊறவைத்து, சோளம் கலந்து, மேலே வெலிமடை கரட் நறுக்கிப் போட்ட வாளியை வழக்கம்போல் அவள் முன்னால் வைத்தேன். ஆவலாக வாயை விட்டாள். பாதி போனதும் வாளியைப் பிடித்து இழுத்தேன்.

"போதும். பாதி வேலைக்குப் பாதிதான். இன்னைக்கு உனக்கு அரைப்பேரு."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, பொழுது சாயும்வரை மலையில் நின்றாலும், எடுத்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் பாதி நாள்தான் பதிவாகும். அதுதான் அரைப்பேர். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தை விட்டதும் கொஞ்ச காலம் கொழுந்து எடுத்தவள். எனக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது, நானே சிரித்துவிட்டேன்.

அவள் வாளியை விடவில்லை. விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தாள், கைப்பிடி கழன்று வந்தது. நான் அவள் மூக்கில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. புல் எந்நேரமும் கிடந்தது. தண்ணீர் இருந்தது. அவளுக்கு உயிரான அந்த வாளியில் மட்டும்தான் கை வைத்தேன். இறக்கத்தில் இறங்காத நாளெல்லாம் பாதியில் இழுத்தேன். கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு நின்ற நாளில் இன்னும் இரண்டு வாய் விட்டேன். அந்தக் கணக்கையும் நானே வகுத்தேன். சில நாளில் நான் வாளியை நோக்கிக் குனிந்ததுமே அவள் தலையைத் தூக்கிப் பின்னால் நகர்ந்து நிற்கப் பழகிக்கொண்டாள். "கெட்டிக்காரி" என்று அவள் கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு புரையேறச் சிரித்தாள்.

"அரைப்பேரா? குதிரைக்கா? அப்பிடிப் போடுடி. நமக்கு மட்டும்தான் போடுவானுகளா?"

மறுநாள் அது மலை முழுக்கப் பரவிவிட்டது. நான் அவளை ஓட்டிக்கொண்டு போகும்போது மேலேயிருந்து ஒரு குரல் வரும்.

"என்னா குதிரம்மா, இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

இன்னொருத்தி பதில் சொல்வாள். "கொழுந்து பத்தலையாம். ஈரத்துக்குத் தண்ணிக் கழிவு போக முக்காப்பேராம்."

சிரிப்பு மலையில் உருண்டு வரும். நானும் குதிரைமேல் இருந்தபடியே பதிலுக்கு வாயடிப்பேன். அவர்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு ஒருத்திக்கு அரைப்பேர் விழுகிறது. அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தவள் நான்.

பங்குனியில் ஒரு காலை அவள் இறக்கத்தில் நிற்கவில்லை. ஒரு கணம் மட்டும் தயங்கினாள். தலையைக் கீழே போட்டுக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கினாள். முடக்கு வரைக்கும் போய், மேலே ஏறித் திரும்பி வந்தோம். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வாளி நிறைய வைத்தேன், கரட் இரட்டிப்பாகப் போட்டேன். மெனேஜர் முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னார். "உம்மால ஏலுமெண்டு எனக்குத் தெரியும்" என்று என்னிடமும் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது சின்ன விஷயமில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரோட்டில் ஒரு காலத்தில் துரைமார்தான் குதிரையில் போவார்களாம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒரு பெண் அதே ரோட்டில் குதிரைமேல் போனது எனக்குத் தெரிந்து நான்தான். மேலே உட்கார்ந்தால் எல்லோரும் தலை உச்சியாகத் தெரிகிறார்கள். ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த பெண்கள் குதிரையைக் கண்டதும் தாமாக ரோட்டுக் கானோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். அம்மாவும் ஒதுங்கினாள். "தொரைசாணி வர்றாங்க, வழி விடுங்க" என்று கேலி செய்தாள். நான் இறங்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஏப்ரலில் பங்களா நிறைந்துவிட்டது. விருந்தினரை ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடப்பேன். ஒரு நாளில் பல சுற்று. ஒரு தடவைகூட அவள் நிற்கவில்லை. இறக்கத்தில் அவள் அடி குறுகுவதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் உண்மை. நல்ல பழக்கம் வந்துவிட்டது, ஆளை விழுத்தாமல் பதமாக இறங்குகிறாள் என்று அதற்கு நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரை ஏற்றிக்கொண்டு போன அன்று, இறக்கத்தின் நடுவில் அவளுடைய முன்னங்கால்கள் இரண்டும் மடங்கின. முழங்கால் கல்லில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. டீச்சர் சரிந்து ஓரத்துப் புல்லில் விழுந்தார், ஒன்றும் ஆகவில்லை. நான் முதலில் ஓடியது டீச்சரிடம்தான். மன்னிப்புக் கேட்டு, உடுப்பைத் தட்டிவிட்டு, போனைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு முழங்காலிலும் ரத்தம். ஒரு முன்னங்காலை முன்னால் நீட்டி, பாரம் வைக்காமல் நின்றாள். கத்தவில்லை. நோவைக் கத்திச் சொல்லக் குதிரைக்குத் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பதுளையிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். சிங்களத்தில் தன்மையாகப் பேசுகிற இளைஞர். முழங்கால் காயத்துக்கு மருந்து போட்டார். பிறகு ஒரு பெரிய குறடு மாதிரியான சாமானால் குளம்பை மெல்ல அழுத்தினார். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மற்ற முன்னங்காலிலும் அழுத்திப் பார்த்தார், அதையும் இழுத்தாள். குளம்புக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்ன எலும்பு கெட்டுப்போயிருக்கும் போலத் தெரிகிறது, பந்தயத்தில் ஓடின குதிரைகளுக்கு வருவதுதான், வெளியே வீக்கம் தெரியாது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார். புல்லில் ஓடினாளே என்று கேட்டேன். புல்லில் அவ்வளவு நோகாது என்றார். கல் ரோட்டில் நோகும், இறக்கத்தில் உயிர் போகிற மாதிரி நோகும் என்றார். முன்பு எப்போதாவது இறக்கத்தில் போக மறுத்தாளா என்று அவர் என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன். வாளியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்.

எனக்கு அரைப்பேர் போட்ட நாளை நான் மறக்கவில்லை. மாதவிலக்கின் முதல் நாள் அது. அடிவயிறு கிழிந்துகொண்டிருந்தது, மழை வேறு. கை கொழுந்தில் நிற்கவில்லை. சாயங்காலம் நிறுவையில் குறைந்தது. கணக்கப்பிள்ளை என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "அரைப்பேரு, தள்ளு" என்றார். ஒரு ஆம்பளையிடம் நான் என்ன சொல்வேன்? லயத்துக்கு வந்து, காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் இவனுக்கு என்று அழுதேன். அதற்குப் பிறகு மலைக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துத்தான் கொழும்புக்கே போனேன். அந்த ஆளை நான் எத்தனை வருஷம் திட்டியிருப்பேன். அவரிடம் நான் சொல்லாமல் விட்டேன். அவள் சொன்னாள். தினமும் அதே இடத்தில் நின்று சொன்னாள்.

மெனேஜரிடம் போய் வாளி விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், வேலையைவிட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில உம்மட பிழை என்ன கிடக்கு? டொக்டரே வெளியில தெரியாதெண்டு சொல்லிப்போட்டார். பழக்கிறதெண்டா அப்பிடித்தானே பழக்கவேணும்" என்றார். திட்டாமல் விட்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மொனராகலைக்காரருக்குச் செய்தி போயிற்று. நொண்டிக் குதிரை எனக்கு எதற்கு என்றுவிட்டார். முதலாளி இரண்டு நாள் யோசித்தார். பிறகு மெனேஜர் கொட்டகைக்கே வந்து சொன்னார்.

"நிக்கட்டுமாம். இனி ஆக்களை ஏத்த வேண்டாம். வாற சனம் பக்கத்தில நிண்டு படம் எடுக்கட்டும். நீர் ஆசைப்பட்ட மாதிரியே இது இஞ்சதான்."

ஆமாம், நான் ஆசைப்பட்டபடியேதான். அவள் எங்கும் போகவில்லை. அவளை இங்கே வைத்துக்கொள்ள நான் செய்ததெல்லாம் வீண். அவளை இங்கே நிறுத்தியது, நான் கேட்காமல் விட்ட அந்தக் கால் நோவுதான்.

ஒரு வாரம் கழித்து அவளை மெதுவாக நடத்தித் தண்ணீர் காட்டப் பீலிக்குக் கூட்டிப்போனேன். மேலே கொழுந்து மலையிலிருந்து அதே குரல் கேட்டது. "என்னா குதிரம்மா, ஆளையே காணோம். இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

"வாய மூடிக்கிட்டுக் கொழுந்த எடுங்க" என்று நான் கத்தினேன். "வேற வேலை இல்லையா ஒங்களுக்கு?" மலை அப்படியே அடங்கிப் போயிற்று. அந்த அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள்.

அன்று வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அவ என்னாடி செஞ்சா? நீ சொல்லிக் குடுத்த பேச்சத்தானே பேசுனா."

அப்போதுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு, இறக்கம், வைத்தியர் கேட்ட கேள்வி. அவள் ரொட்டியைப் பிய்க்காமல் தட்டிலேயே வைத்திருந்தாள். அம்மாவின் இடது கால் சாயங்காலமானால் வீங்கிவிடும், வருஷக் கணக்கில் அப்படித்தான். அந்தக் காலோடுதான் அவள் தினமும் மலைக்கு ஏறுகிறாள், ஒரு நாள்கூட நின்றதில்லை. அதற்குத் தைலம் தேய்த்துவிடுகிறவள் நான். தினமும் அந்தக் காலைப் பிடித்துப் பார்க்கிறவளுக்கு இன்னொரு கால் தெரியாமல் போயிற்று.

"பாவம்" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பங்களாவுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் குதிரையைக் கிட்ட வந்து பார்த்ததில்லை. புல்லை இறக்கிப் போட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் தள்ளி நின்றாள். நான் வாளியைக் கொண்டு வந்தேன். விளிம்பு வரைக்கும் நிறைத்து, மேலே கரட் போட்டிருந்தேன். முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் தின்றாள். சரியாகப் பாதிக்கு வந்ததும் தலையைத் தூக்கினாள். அந்த நோவுக் காலை ஊன்றி, ஓரடி பின்னால் நகர்ந்து நின்று, என் கையைப் பார்த்தாள்.

"தின்னு" என்றேன். "எல்லாம் ஒனக்குத்தான். தின்னும்மா." வாளியை அவள் பக்கம் தள்ளினேன். நான் குனிந்ததைக் கண்டு இன்னும் ஓரடி பின்னால் போனாள். கையில் அள்ளி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"வாளிய அங்கனயே வச்சிட்டு வாடி. நீ நின்னா அது திங்காது."

நான் வெளியே வந்து, கொட்டகைச் சுவருக்குப் பின்னால், குதிரையின் கண்ணில் படாத இடத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வாளி தரையில் உரசுவது கேட்டது.

இப்போதும் அப்படித்தான். காலையிலும் மாலையிலும் வாளியை வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுகிறேன். அவள் தின்று முடித்த பிறகுதான் உள்ளே போகிறேன்.